78 சூறாவளி இன்னொரு தடவை வந்தால்

கல்முனைப் பக்கம் புவியியல் படிப்பிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: காலநிலை ஆய்வுகளைச் சாதாரண சனத்துக்குச் சொல்ல விஞ்ஞானப் புனைகதை உதவுமா, உதவினாலும் "இதெல்லாம் கதைதானே" என்று ஆய்வையும் சேர்த்துத் தள்ளிவிட மாட்டார்களா என்று.

உதவும். ஆனால் அதிகம் பேர் செய்கிற மாதிரிச் செய்தால் உதவாது. நானும் முதலில் அப்படித்தான் செய்து வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் நிலத்தடி நீரோடு வேலை செய்பவன், இடையில் கதையும் எழுதுவேன். சில வருடங்களுக்கு முன் மட்டக்களப்பில், கடற்கரைக்குக் கிட்ட இருக்கிற ஒரு வாசிகசாலையில் என் கதை ஒன்றை வாசித்தேன். ஆண்டு 2080. வாவியைக் கடக்கிற கல்லடிப் பாலம் தண்ணீருக்குள். ஒரு பிள்ளை தோணியில் போகும்போது துடுப்பு பாலத்தின் இரும்பில் தட்டுப்பட்டு டங் என்று சத்தம் கேட்கும், வாவியில் மீன் பாடும் என்று ஊரில் சொல்வார்களே, அந்தப் பாடுமீன் பாடுகிறது என்று அவள் நினைப்பாள். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. பாதி வாசிப்பில் கடைசி வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மா குடையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். முடிந்து வெளியே வந்தால் கேற்றடியில் நிற்கிறார். "கடல் வந்தத நாங்க பாத்தாச்சு மனே. மறுகா ஏன் அதக் கதையாச் சொல்றாய்?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கரையில் கடல் வரும் என்றால் அது 2004 டிசம்பர் 26 தான். அது நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கதை கேட்கிறவருக்கு அந்த வித்தியாசம் எங்கே தெரியப்போகிறது? ஒரே காலையில் வந்து ஒரே காலையில் போன தண்ணீரைத்தான் மனம் பார்க்கும். உண்மையில் நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிரான தண்ணீர். காலநிலை ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்கிற ஐ.நா. குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. இந்த நூற்றாண்டின் முடிவுக்குள் இன்னும் எவ்வளவு என்பது நாம் எவ்வளவு எரிக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மிகக் குறைந்த பாதையில் 28 சென்ரிமீற்றரில் தொடங்கி மிகக் கூடிய பாதையில் 1 மீற்றர் வரை கணக்கிட்டிருக்கிறார்கள். இது அலை இல்லை. யாரும் ஓடத் தேவையில்லை, அதுதான் இதில் கஷ்டமே, ஓடவைக்காத ஒன்றை எப்படிக் கதையாக்குவது?

கிணற்றால் ஆக்கலாம் என்று பிறகுதான் விளங்கியது. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகக் கிடக்கிற அந்த மணல் திட்டில் குடிநீர் என்பது உப்புநீரின் மேல் மிதக்கிற ஒரு மெல்லிய நன்னீர்ப் படலம். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு அடி உயர்ந்து நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் தாங்கும் என்பது எங்கள் துறையில் பழைய கணக்கு. அதாவது மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடி போய்விடும். சுனாமிக்குப் பிறகு உப்பான கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தார்கள், நினைவிருக்கும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறும் என்று அப்போதே ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். ஆகவே உவர்த் தேத்தண்ணி என்றால் என்னவென்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. என் இரண்டாவது கதையில் கடலே வராது. ஒரு வீட்டில் மாமியார் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு மருமகளிடம் "சீனிக்குப் பதிலா உப்பப் போட்டியா" என்று கேட்பார், அவ்வளவுதான் ஆரம்பம். பக்கத்து வீட்டிலும் அதே சண்டை நடக்கிறது என்பது மூன்றாம் பக்கத்தில்தான் தெரியவரும்.

(நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். இன்றைய தேதிக்கு அந்தக் கிணற்றைக் கெடுப்பதில் கடல் மட்டத்தைவிட நம்முடைய தண்ணீர் மோட்டர்தான் பெரிய குற்றவாளி. கரையோர நிலத்தடி நீர் பற்றி 2012ல் வந்த ஓர் ஆய்வும் இதைத்தான் சொன்னது. கதையில் இதை மறைத்தால் வாசிக்கிறவர் ஒரு நாள் கண்டுபிடிப்பார், பிறகு நீங்கள் சொல்கிற எதையும் நம்பமாட்டார். அதனால் மருமகள் மோட்டர் சுவிட்சைப் போடுகிற காட்சியையும் வைத்தேன்.)

பயமுறுத்துகிற வழி வேலை செய்யுமா என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 2004 மே மாதம் ‘த டே ஆஃப்டர் டுமாரோ’ என்ற ஹொலிவூட் படம் வந்தது. அத்திலாந்திக் சமுத்திர நீரோட்டம் நின்று, வட பூமி சில நாட்களில் உறைந்துபோகும் கதை. நியூயோர்க்கைத் தண்ணீர் மூடுகிற காட்சியும் உண்டு, ஏழு மாதத்தில் நமக்கு அது நிஜமாக வந்தது, அது வேறு கதை. அமெரிக்காவில் அந்தோனி லைசரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் கணக்கெடுத்தபோது, படம் பார்த்தவர்களுக்குப் பார்க்காதவர்களைவிடக் காலநிலை பற்றிய கவலை கூடுதலாக இருந்தது. நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பிரித்தானியாவில் செய்த இன்னோர் ஆய்வில், படம் பார்த்துவிட்டு வந்தவர்களுக்குக் கவலை கூடியதோடு, இப்படியான கடும் நிகழ்வுகள் உண்மையில் நடக்கும் என்ற நம்பிக்கை குறைந்தும் இருந்தது. ஆளுக்குத் தெரிகிறது, மூன்று நாளில் உலகம் உறையாது என்று. அதோடு சேர்த்து உண்மையானதையும் தள்ளிவிடுகிறார். உங்கள் பயம் சும்மா வந்ததில்லை தங்கச்சி. அந்த நீரோட்டம் பற்றி ஐ.பி.சி.சி. சொல்வது, இந்த நூற்றாண்டில் அது பலவீனப்பட 90 வீதத்துக்கு மேல் வாய்ப்பு, 2100க்கு முன் திடீரென்று குலைந்து விழாது என்பதில் நடுத்தர அளவு நம்பிக்கை. இந்த இரண்டாவது பாதியை வைத்து யார் படம் எடுப்பார்?

வாசிப்பின் பலனையும் பெரிதாக நினைக்க வேண்டாம். மத்தியூ ஷ்னைடர்-மேயர்சனும் கூட இருந்தவர்களும் 2020ல் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். காலநிலைச் சிறுகதை வாசித்தவர்களிடம் உடனே சிறிய மாற்றம் தெரிந்தது, ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் அது கரைந்துபோயிருந்தது. எனக்கு இதில் ஆச்சரியமில்லை. ஒரு கதையை ஒருவர் தனியே இருந்து வாசித்துவிட்டு மூடிவைத்தால் எந்தக் கதைதான் நிற்கும்? நம்மூரில் கூத்து நிற்கிறதென்றால் ஊரே விடியும்வரை குந்தியிருந்து பார்ப்பதும், அடுத்த வருடம் அதையே திரும்பப் பார்ப்பதும், கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் ஒரு தாளத்தை மாற்றினால் "போன முறை இப்படி இல்லையே" என்று சண்டைக்கு வருவதும்தான் காரணம். இந்தக் கடைசி விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், எனக்கு எல்லாம் அதிலிருந்துதான் வந்தது.

சரி, ஆய்வே கதையாகிவிடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆய்வு ஏற்கெனவே பாதி கதைதான், மற்ற ஆட்கள் இதை வெளியே சொல்வதில்லை. எதிர்காலத்தில் எத்தனை பாகை சூடு என்று கணிக்க வேண்டுமென்றால் எதிர்காலத்தில் மனிதர் என்ன செய்வார்கள் என்று தெரிய வேண்டும், அது எந்தக் கணினிக்கும் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் இருந்து ஐந்து கதை எழுதினார்கள். ஒன்றில் நாடுகள் ஒத்துப்போய்ச் சிக்கனமாக வாழ்கின்றன, ஒன்றில் ஒவ்வொரு நாடும் தன் வேலியை அடைத்துக்கொண்டு பக்கத்து நாட்டை முறைக்கிறது, ஒன்றில் எல்லோரும் எண்ணெயும் நிலக்கரியும் எரித்துப் பணக்காரராகிறார்கள், இப்படி. ஐ.பி.சி.சி. அறிக்கையில் நீங்கள் பார்க்கிற அந்த நிறம் நிறமான கோடுகள் இந்தக் கதைகளின் மேல்தான் ஓடுகின்றன.

இன்னும் நெருக்கமான ஒன்று இருக்கிறது. பிரித்தானியாவில் வேலை செய்கிற தியடோர் ஷெப்பர்ட் என்ற வளிமண்டல விஞ்ஞானியும் வேறு பலரும் 2018ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். சாராம்சம் இவ்வளவுதான்: இத்தனை வீதம் நிகழ்தகவு என்று பொதுவாகப் பேசுவதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஏற்கெனவே நடந்த ஒரு புயலை, ஒரு வெள்ளத்தை எடுங்கள், அதே நிகழ்வு சூடான உலகத்தில் வந்தால் எப்படியிருக்கும் என்று கேளுங்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரே கதையோட்டம் என்கிற அர்த்தத்தில்தான். இதை வாசித்தபோது எனக்குக் கூத்து ஞாபகம் வந்தது. ஊருக்கே தெரிந்த கதை, ஒரு தாளம் மட்டும் மாறுகிறது.

அப்போ மட்டக்களப்புக்கு எந்தக் கதை? யோசிக்கவே தேவையில்லை. 1978 நவம்பர் 23. நாடு முழுக்க 900க்கும் அதிகமானோர் இறந்த சூறாவளி, நேரே இந்தக் கரையில் ஏறியது. அறுபது வயது தாண்டிய யாரிடமும் "78" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள், வீட்டு ஓடு எந்தப் பக்கம் பறந்தது, எத்தனை தென்னை எந்தத் திசைக்குச் சரிந்தது, காற்று ஓய்ந்துவிட்டதென்று வெளியே வந்தவர்களை மறுபக்கக் காற்று எப்படி அடித்தது என்றெல்லாம் நேற்று நடந்த மாதிரிச் சொல்வார்கள். புயலின் கண் என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறீர்களே, அது இவர்கள் முற்றத்தில் நின்று பார்த்தது.

என் மூன்றாவது கதையில் அந்தப் புயலையே திரும்ப அழைத்தேன். அதே பாதை, அதே இரவு, அதே வீடுகள். மாற்றியது இரண்டே இரண்டு: உலகம் 2 பாகை கூடுதல் சூடு, கடல் ஒரு அடி உயரம். காற்று ஒரு பாகை சூடானால் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலாக நீராவி பிடிக்கும், ஆகவே மழையை 14 வீதம் கூட்டினேன். காற்றின் வேகத்தை அதைவிடக் குறைவாகத்தான் கூட்டினேன், ஏனென்றால் ஆய்வு அப்படித்தான் சொல்கிறது. புயல்களின் எண்ணிக்கை கூடும் என்று எழுதவே இல்லை, அதற்கு ஆதாரம் அப்படியில்லை; வருகிறவற்றில் மிகக் கடுமையானவற்றின் பங்கு கூடும் என்பதுதான் கணிப்பு.

பெரிய மாற்றம் புயலடித்த இரவில் வரவில்லை, அதற்கு அடுத்த கிழமையில் வந்தது. மழை வெள்ளம் வாவியில் நிறைந்தால் வாவி கடலோடு சேர்கிற வாயான முகத்துவாரத்தை வெட்டிக் கடலுக்கு விடுகிறோம். வெட்டினால் போதுமா? வாவியின் மட்டம் கடலைவிட எவ்வளவு உயரமோ அந்த வித்தியாசம்தான் தண்ணீரைத் தள்ளும். கடல் ஒரு அடி ஏறி நின்றால் வித்தியாசம் ஒரு அடி குறையும், வாவி மெதுவாக வடியும், வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல் வட்டைகளில் தண்ணீர் கூட நாள் நிற்கும். மாரியில், விதைத்துக் கொஞ்ச நாளான பயிர். முற்றாக மூழ்கி ஒரு கிழமை, பத்து நாள் கிடந்தால் பெரும்பாலான நெல் இனம் தாங்காது. கதையில் வயலைப் பார்த்துக்கொள்கிற முல்லைக்காரர் ஒருவர் தினமும் காலையில் வந்து வரம்பில் நட்ட ஒரு கம்பில் கத்தியால் கீறுவார், தண்ணீர் எவ்வளவு இறங்கியதென்று. முதல் நாள் கீறலும் நாலாம் நாள் கீறலும் ஒன்றன்மேல் ஒன்று விழும். நான் எழுதியதில் எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

இதைக் கொக்கட்டிச்சோலைப் பக்கம் வாசித்தபோது நடந்ததைச் சொல்ல வேண்டும். வயல் வேலைகளை மேற்பார்க்கிற வட்டைவிதானையாக இருந்த ஒரு பெரியவர் முதல் பக்கத்திலேயே மறித்தார், காற்று முதலில் அடித்த திசை பிழையென்று. இன்னொருவர் இல்லை சரியென்றார். கால் மணித்தியாலம் கதை நின்றது, நான் ஒன்றும் செய்யவில்லை, சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அந்தப் பெரியவர் என்னைப் பார்த்து, "2011ல எங்கட வட்டையில தண்ணி வடியக் காத்திரிந்தது எனக்குத் தெரியும். நீ சொல்றபடி கடல் ஒரு அடி ஒசந்தா இன்னும் எத்தின நாள் கூட நிக்கும்?" என்று கேட்டார். நாள் கணக்கு என்னால் உறுதியாகச் சொல்ல ஏலாது, அதற்கு வாவியின் ஆழத்தையும் வாயின் அகலத்தையும் அளந்து தனியாகக் கணக்குப் பார்க்க வேண்டும் என்றேன். "அப்ப பாருங்களன்" என்றார். எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

சொற்களைப் பற்றியும் கொஞ்சம். ஆங்கில அறிக்கையில் ‘லைக்லி’ என்று வந்தால் 66 வீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90 வீதத்துக்கு மேல் என்று ஐ.பி.சி.சி. வரையறுத்து வைத்திருக்கிறது. ஆங்கிலம் பேசுகிறவர்களே அதைக் குறைவாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்று 2009ல் ஓர் ஆய்வு காட்டியது. நாமோ அதைச் "சாத்தியம் உண்டு" என்று தமிழாக்குகிறோம். சாத்தியம் என்றால் லொத்தர் விழுவதற்கும் உண்டு. பத்துக்கு ஒன்பது தடவை என்று சொல்லுங்கள், அல்லது கதையில் ஒரு கிழவியை "பத்து மாரியில ஒம்பது மாரி இப்படித்தான்" என்று சொல்ல வையுங்கள், முடிந்தது.

சில இடங்களில் தமிழ் நம்மை முந்தி நிற்கிறது. வெயில், வெக்கை, புழுக்கம் மூன்றும் நமக்கு வேறு வேறு. ஈரக்குமிழ் வெப்பநிலை என்று படிப்பிக்கும்போது பிள்ளைகள் முழிப்பார்களே, அது அளப்பது கிட்டத்தட்டப் புழுக்கத்தைத்தான். மண்பானைத் தண்ணீர் கச்சான் காற்று அடிக்கிற நாளில் குளிரும், புழுக்கமான நாளில் குளிராது. நம் உடம்பும் வியர்வை கசிகிற மண்பானைதான். அந்த ஈரக்குமிழ் அளவு 35 பாகையைத் தொட்டு ஆறு மணித்தியாலம் நின்றால் சுகதேகியான இளைஞரும் தாங்கமாட்டார் என்று 2010ல் கணக்கிட்டார்கள், பிறகு ஆட்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில் எல்லை அதைவிடக் கீழே என்று தெரிந்தது. பானை குளிராத நாள் என்று ஒரு கதை எழுத வேண்டுமென்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் செய்யக்கூடிய ஒன்று சொல்கிறேன், இது பிள்ளைகளுக்கு மிகவும் பிடிக்கும். கதையை வாசித்து முடித்ததும் எது ஆய்வு, எது நான் கட்டினது என்று பந்தயம் பிடிக்க விடுங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்கிற ஒரு குடும்பத்தைப் பற்றிய சின்னக் கதை ஒன்று வைத்திருக்கிறேன். நெல்லின் பூ காலையில் ஒன்பது, பத்து மணிபோல் திறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் மூடிவிடும். அந்த நேரம் பூவைச் சுற்றி 35 பாகைக்கு மேல் சூடு இருந்தால் நிறைய மணி பிடிக்காது, பதராகிச் சப்பிதான். கதையில் அந்த அப்பா, வழமையைவிட முந்திப் பூக்கிற ஒரு நெல்லை விதைத்துவிட்டு டோர்ச் அடித்துப் பூப் பார்க்கப் போவார். பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, முந்திப் பூக்கிற நெல் பொய் என்று. அதுதான் உண்மை! காட்டு நெல் ஒன்றிலிருந்து அந்தக் குணத்தை எடுத்து, ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலம் முந்திப் பூக்கிற நெல்லை ஆய்வாளர்கள் ஏற்கெனவே உருவாக்கியிருக்கிறார்கள். டோர்ச்தான் நான் மிகைப்படுத்தியது. பொய்யென்று நினைத்த ஒன்று உண்மை என்று தெரியும்போது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அதற்குப் பிறகு அந்தத் தகவல் மறக்காது. கதைக்குள் ஆய்வு தொலைந்துபோகாமல் இருக்க எனக்குத் தெரிந்த வழியும் இதுதான்.

ஒரு எச்சரிக்கை. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குத் திருக்குளிர்த்தி செய்கிற நாட்டில், மதுரையை எரித்த சூட்டைத் தணிக்கிற சடங்கு காலநிலைக் கதைக்கு வாகாக இருக்கிறதே என்று கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது, எழுதிக் கிழித்துப் போட்டேன். அழகாகத்தான் வந்தது, ஆனால் சூட்டுக்குக் காரணம் அம்மனின் கோபம் என்றாகிவிட்டால் நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் அங்கே வேலையில்லாமல் போகிறது. கெட்டிக்காரர் யாராவது இரண்டையும் பொருத்தலாம், என்னால் ஏலவில்லை.

இன்னொன்று, ஆர்தர் சி. கிளார்க் செய்மதியை முன்கூட்டியே கதையில் எழுதினார், பார்த்தீர்களா விஞ்ஞானப் புனைகதையின் சக்தி என்று யாராவது பேச வந்தால் நம்பாதீர்கள். பூமியோடு சேர்ந்து சுற்றுகிற செய்மதிகள் பற்றி அவர் 1945ல் எழுதியது தொழில்நுட்பக் கட்டுரை, கதையே இல்லை. இன்று புயல் வரும்போது போனில் பார்க்கிற முகில் படங்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுப்பாதையிலிருந்துதான் வருகின்றன, அது உண்மை.

உங்கள் வகுப்புக்கு நான் சொல்வது, முதலில் எழுத விடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு சின்னப் போத்தல் தண்ணீர் கொண்டு வரட்டும், பாடசாலை ஆய்வுகூடத்தில் தண்ணீரின் உப்பைக் காட்டுகிற மின்கடத்துதிறன் மானி இருந்தால் அளந்து, வீடு கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பதோடு சேர்த்துக் கரும்பலகையில் எழுதுங்கள். வீட்டில் அம்மம்மா இருந்தால் அந்தக் கிணறு முன்பு எப்படியிருந்தது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கதை அடுத்த கிழமைக்கு இருக்கட்டும். அந்த வாசிகசாலை அம்மாவையும் பிறகு ஒருநாள் சந்தித்தேன், தேத்தண்ணிக் கதையை வாசித்துக் காட்டினேன். கடைசிவரை இருந்தார். மாமியார் அப்படிப் பேசமாட்டார், இன்னும் மோசமாகப் பேசுவார் என்று இரண்டு வரி திருத்தித் தந்தார். இப்போது கதையில் இருப்பது அவருடைய வரிகள்தான்.